6.9 அங்குலப் போனுக்கு மாறலாமா? அங்குலத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். நான்கு வருடமாக 6.1 அங்குலப் போன் வைத்திருக்கிறீர்கள். புதிதாக வந்திருக்கும் 6.9 அங்குலப் போன் ஒன்றின் மேல் ஆசை. போனில் நிறையப் படிப்பீர்கள், அலுவலகக் கோப்புகளையும் அதிலேயே திறந்து பார்ப்பீர்கள், இரவில் கொஞ்சம் வீடியோ. கை சற்றுச் சிறியது. பெரிய திரைக்குப் போனால் என்ன கிடைக்கும், எதை இழக்க வேண்டியிருக்கும்?

பத்து வருடத்துக்கும் மேலாகப் பெரிய திரைப் போன்கள்தான் என் கையில் இருந்து வருகின்றன. வீட்டில் உள்ளவர்களுக்கும் நண்பர்களுக்கும் பல போன்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கு அருமையாக அமைந்த அதே போனை இன்னொருவர் ஒரே மாதத்தில் விற்றுவிட்டதையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் குறை போனில் இருந்ததில்லை. பெட்டியில் போட்டிருக்கும் அங்குலக் கணக்கை மட்டும் பார்த்து வாங்கியதால் வந்த வினை அது. எனவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

6.9 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம், அதாவது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரைக்குமான அளவு. திரை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. 2011இல் சாம்சங் கேலக்ஸி நோட் வந்தபோது அதன் திரை 5.3 அங்குலம்தான். ஆனால் போனின் உடல் அகலம் கிட்டத்தட்ட 83 மில்லிமீட்டர். இதையா காதில் வைத்துப் பேசுவது என்று கேட்டவர்கள் நிறைய. 2014இல் வந்த ஐபோன் 6 பிளஸ்ஸில் 5.5 அங்குலத் திரை, உடல் அகலம் 77.8 மி.மீ. பத்து வருடம் கழித்து 2024இல் வந்த ஐபோன் 16 ப்ரோ மேக்ஸில் 6.9 அங்குலத் திரை. அதன் அகலம்? 77.6 மி.மீ. 2025இன் கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவும் 6.9 அங்குலம்தான், அதற்கும் அதே 77.6.

ஆக, பத்து வருடத்தில் அங்குலம் 5.5லிருந்து 6.9க்கு ஏறியும் கையில் பிடிக்கும் அகலம் ஏறவில்லை. திரையைச் சுற்றியிருந்த கறுப்பு ஓரங்கள் மெலிந்தன, கீழே இருந்த பொத்தான் போனது, திரை நெட்டையாக வளர்ந்தது. முன்பு 16:9 என்று இருந்த உயர-அகல விகிதம் இன்று 19.5:9 அல்லது 20:9. நெட்டையான திரைக்கு மூலைவிட்டம் சுலபமாகக் கூடும், பரப்பு அந்த அளவுக்குக் கூடாது. எடை மட்டும் நன்றாகவே ஏறியிருக்கிறது: 6 பிளஸ் 172 கிராம், 16 ப்ரோ மேக்ஸ் 227 கிராம்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 6.1, 6.9 இரண்டுமே 19.5:9 விகிதம் என்று வைத்துக்கொண்டால், இப்போதைய திரை சுமார் 65 மி.மீ. அகலம், 141 மி.மீ. உயரம். புதியது சுமார் 73.5 மி.மீ. அகலம், 159 மி.மீ. உயரம். அகலத்தில் கிடைப்பது எட்டரை மி.மீ., உயரத்தில் பதினெட்டு. பரப்பில் 28 சதவீதம் கூடுதல். இது சின்ன மாற்றம் இல்லை, நன்றாகவே தெரியும். ஆனால் நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் இந்த 28 சதவீதம் ஒரே மாதிரி உதவாது.

வீடியோவைப் பாருங்கள். பெரும்பாலான வீடியோக்கள் இன்னும் 16:9 விகிதத்தில்தான் வருகின்றன. போனைப் படுக்கையாகப் பிடித்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். 6.9 அங்குலத் திரையில் வீடியோ உண்மையில் பிடிக்கும் இடம் 5.9 அங்குலம்தான். உங்கள் பழைய போனில் அது 5.2 ஆக இருந்தது. முன்னேற்றம் உண்டு, ஆனால் 6.9 என்ற எண் மனதில் வரைந்த படம் அது இல்லை. விரலால் பெரிதாக்கித் திரையை நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும், துணையெழுத்து ஓடும் படமென்றால் அந்த வரியே பாதி மறையலாம்.

படிப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெரிய திரையால் படிப்புக்கு வரும் நன்மை, நீங்கள் அமைப்புகளில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எழுத்தைப் பழைய போனின் அளவிலேயே வைத்துக்கொண்டால், ஒரு பார்வையில் கூடுதலாக நாலைந்து வரிகள் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கினால், வரிக்கு அதே எண்ணிக்கையில் சொற்கள்தான் நிற்கும், ஆனால் கண்ணுக்குச் சுகமாக இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாகக் கிடைக்காது. பல போன்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லாவற்றையும் வெறுமனே பெரிதாகக் காட்டும்படியே வருகின்றன. வாங்கியவர் ஒரு வாரம் பார்த்துவிட்டு, 'என்ன, பழைய போனில் தெரிந்ததுதான் இதிலும் தெரிகிறது' என்று ஏமாந்துபோவார். அமைப்புகளில் எழுத்தளவு என்று ஒன்று, பொத்தான், சின்னம் உட்படத் திரையில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும் காட்சி அளவு என்று ஒன்று, இரண்டும் தனித்தனியாக இருக்கும். காட்சி அளவை ஒரு படி குறைத்து, எழுத்தளவை மட்டும் தேவைக்கு ஏற்றிக்கொண்டால் பெரிய திரையின் பலன் அப்போதுதான் வெளியே வரும்.

தமிழ் படிப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. நம் சொற்கள் நீளம். 'எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்' மாதிரி ஒரு சொல் வந்தால் குறுகலான திரையில் வரி முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும், மேல்வரியில் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கும். கண் ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று சொல்லைப் படித்துவிட்டு இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டரை மி.மீ. கூடுதல் அகலம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வரிக்கு இன்னும் ஒரு சொல் நிற்கும்போது வாசிப்பின் ஓட்டமே மாறுகிறது. மின்னூல்கள் நிறையப் படிக்கிறவர்களுக்கு நான் பெரிய திரையைப் பரிந்துரைக்க இது ஒன்றே போதும்.

என் அம்மாவின் போனை மாற்றியபோது இதைக் கண்ணெதிரே பார்த்தேன். பழைய போனில் எழுத்தை உச்ச அளவுக்கு ஏற்றி வைத்திருந்தார். குடும்பக் குழுவில் யாராவது பத்து வரி எழுதினால், அவர் திரையில் அது நான்கு பக்கம். பாதியில் ஏதாவது அழைப்பு வந்தால் விட்ட இடத்தைத் தேட முடியாமல் முதலிலிருந்து படிப்பார். பெரிய திரை வந்த பிறகு அதே செய்தி இரண்டு தள்ளலில் முடிகிறது. இன்னொன்றையும் கவனித்தேன். எடையைப் பற்றி அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. காரணம், அவர் போனை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலால் தொடுகிறவர். இரண்டு கையும் எப்போதும் வேலையில் இருக்கிறது. பெரிய போன் சிரமப்படுத்துவது, ஒரே கையில் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் எல்லாவற்றையும் செய்து பழகியவர்களை. நீங்கள் எந்த வகை என்பதை இன்று மாலைக்குள் உங்களையே கவனித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு கைக்காரர் என்றால் நடப்பது இதுதான். திரையின் கீழ்ப்பகுதியில்தான் விசைப்பலகையும் பொத்தான்களும் இருக்கின்றன, ஆகவே போனை அடியில் பிடிக்கிறோம். 163 மி.மீ. நீளப் போனின் எடை மையம் பிடிக்கு மேலே போய்விடுகிறது. கேமராக்கள் மேல்பக்கம் இருப்பதால் தலை இன்னும் கனக்கும். அது முன்னால் சாயாமல் இருக்கச் சுண்டுவிரலை அடியில் முட்டுக் கொடுப்போம். உறையும் கண்ணாடிப் பாதுகாப்பும் சேர்ந்தால் கால் கிலோ தாண்டிவிடும். அரை மணி நேரம் படித்தபின் சுண்டுவிரலைப் பாருங்கள், போனின் விளிம்பு பதிந்த தடம் இருக்கும். அப்புறம் மேலே உள்ள அறிவிப்பை இழுக்க வேண்டுமானால் பிடியைத் தளர்த்தி, போனை உள்ளங்கையில் நகர்த்தி, எட்டித் தொட வேண்டும். பெரிய போன்கள் கையிலிருந்து நழுவுவது பெரும்பாலும் அந்த ஒரு விநாடியில்தான்.

இதற்கு மாற்று உண்டு. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் திரையின் மேல்பாதியைக் கீழே இறக்கும் ஒரு கை வசதி இருக்கிறது, அமைப்புகளில் போய் இயக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் விசைப்பலகையையே ஒரு ஓரமாக ஒதுக்கிவைக்கலாம், பின்செல்வதற்கு எந்த ஓரத்திலிருந்தும் இழுக்கலாம். பின்பக்கம் ஒட்டும் விரல் வளையம் ஒன்று மாட்டினால் சுண்டுவிரலுக்கு விடுதலை. இவற்றால் சிரமம் பாதியாகக் குறையும். முழுதாகப் போய்விடும் என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது.

அலுவலகக் கோப்புகள் விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. மின்னஞ்சலும் ஒன்றிரண்டு பக்க ஆவணமும் 6.9 அங்குலத்தில் நன்றாகவே ஓடும். பத்து நெடுவரிசை உள்ள கணக்குத்தாள் ஓடாது. நிமிர்த்திப் பிடித்தால் அகலம் போதாது, படுக்கவைத்தால் விசைப்பலகை வந்து பாதித் திரையை மூடும். பலர் '6.9 என்பது கிட்டத்தட்ட டேப்லட் மாதிரிதானே' என்று நினைக்கிறார்கள். 8.3 அங்குலமுள்ள ஐபேட் மினியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணில் 1.4தான் வித்தியாசம். ஆனால் அது அகலமான விகிதம் என்பதால் அதன் திரைப்பரப்பு 6.9 அங்குலப் போனைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. உங்கள் வேலையில் கணக்குத்தாள்கள்தான் பெரும்பங்கு என்றால், கைக்கு அடக்கமான போனோடு தனியாக ஒரு சிறிய டேப்லட் என்பது இந்த ஒரு பெரிய போனைவிட நல்ல ஏற்பாடு.

பேட்டரிக்காகவே பெரிய போன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். கேலக்ஸி எஸ்25இல் 6.2 அங்குலத் திரை, 4000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பேட்டரி. எஸ்25 அல்ட்ராவில் 6.9 அங்குலம், 5000 எம்ஏஎச். பேட்டரி 25 சதவீதம் பெரியது. திரைப்பரப்பும் கிட்டத்தட்ட 24 சதவீதம் பெரியது. அதாவது கூடுதலாகக் கொடுத்த மின்சாரத்தைக் கூடுதல் திரையே கேட்கிறது. பிறகு ஏன் பெரிய போன்கள் நீண்ட நேரம் தாங்குகின்றன? சிப், மோடம், ஜிபிஎஸ் இவையெல்லாம் திரை பெரிதானதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பதில்லை. போன் பையில் கிடக்கும்போது, பாட்டுக் கேட்கும்போது, வழிகாட்டி ஓடும்போது லாபம் முழுதாக வரும். வெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு அவ்வளவு வராது. நான்கு வருடப் பழைய போனிலிருந்து வருகிறீர்கள், உங்களுக்கு எதுவுமே பெரிய முன்னேற்றமாகத்தான் தெரியும். அதில் பாதி, பேட்டரி புதியது என்பதால் வருவது. பழைய போனில் பேட்டரியை மட்டும் மாற்றினாலும் அந்தப் பாதி கிடைத்துவிடும்.

சூடு விஷயத்தில் பெரிய உடலுக்குச் சந்தேகமில்லாத ஆதாயம் உண்டு. வெப்பம் பரவ இடம் அதிகம், சிப்பின் சூட்டை வாங்கிப் பரப்பும் மெல்லிய உலோக அறையான ஆவியறை வைக்கவும் இடம் கிடைக்கிறது. நீண்ட நேரம் விளையாடுபவர்களுக்கும் வீடியோ எடுப்பவர்களுக்கும் இது முக்கியம்.

கேமரா பற்றி ஒரு சொல் மட்டும். ஒளியை உள்ளே மடக்கி அனுப்பும் தொலைநோக்கு லென்ஸுக்கு இடம் வேண்டும் என்பதால் நிறுவனங்கள் சிறந்த கேமராவைப் பெரிய போனுக்கே கொடுத்து வந்தன. 2023இல் 5 மடங்கு ஜூம் ஐபோன் 15 ப்ரோ மேக்ஸில் மட்டும்தான் இருந்தது. அடுத்த வருடமே 6.3 அங்குல 16 ப்ரோவுக்கும் அது வந்துவிட்டது. ஆகவே கேமராவுக்காகப் பெரியதை எடுக்கிறேன் என்பவர்கள் அதே வரிசையின் சிறிய போனில் அந்த லென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

திரையின் தரம் அளவைவிட முக்கியம், அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நல்ல பார்வையுள்ளவர் 30 செ.மீ. தூரத்தில் சுமார் 0.087 மி.மீ. இடைவெளி வரை பிரித்துப் பார்க்க முடியும். 6.7 அங்குலத் திரையில் 1080 × 2400 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள், இருந்தால் ஒரு பிக்சல் 0.065 மி.மீ., கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. அதே 6.7 அங்குலத்தில் 720 × 1600 மட்டும் கொடுத்தால் ஒரு பிக்சல் 0.097 மி.மீ. ஆகிவிடும். விலை குறைந்த பெரிய திரைப் போன்கள் பலவற்றில் நடப்பது இதுதான். சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கி, 'ணூ', 'னூ' போன்ற எழுத்துகளின் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டியதுபோலத் தெரியும். திரை பெரிதாகப் பெரிதாக இந்தக் குறை பெரிதாகும். கடையில் விளம்பரப் படத்தை ஓடவிடாமல், ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து சிறிய எழுத்தில் படித்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரவில் படிப்பவர் நீங்கள் என்பதால் இன்னொன்று. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரைகள் பலவும் வெளிச்சத்தைக் குறைக்கும்போது உண்மையில் அந்த ஒளியை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. விநாடிக்கு 240 முறை, 480 முறை, சில போன்களில் 1920 முறைக்கும் மேல். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்குக் கண் உளைச்சல், தலைவலி வரும். உங்களுக்கு ஓலெட் பழக்கமில்லை என்றால், கடையிலேயே வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வைத்துக் கொஞ்ச நேரம் படித்துப் பாருங்கள்.

உடைவது பற்றியும் சொல்லியாக வேண்டும். என் பெரிய போன் ஒன்று சமையலறை மேடையின் ஓரத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அழைப்பு வந்து அதிர்ந்ததில் மெல்ல மெல்ல நகர்ந்து, நான் கையை நீட்டுவதற்குள் மூலைகுத்தி விழுந்தது. உறை போட்டிருந்தும் மேல் மூலையிலிருந்து குறுக்காக ஒரு கீறல் ஓடிவிட்டது. திரை மாற்றக் கேட்ட தொகை, போன் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய திரையில் அடிபடக்கூடிய கண்ணாடி அதிகம், மாற்றும்போது விலையும் அதிகம். வாங்கும் முன்பே திரை மாற்ற என்ன ஆகும் என்று சேவை மையத்தில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், அதையும் போனின் விலையோடு சேர்த்து யோசியுங்கள். கண்ணாடிப் பாதுகாப்பையும் தவிர்க்காதீர்கள். எவ்வளவு உறுதியான போன் கண்ணாடியும் மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு முன்னால் மென்மையானதுதான், பைக்குள் போன நாலு மணல் துகள் போதும். திரை ஓரங்கள் வளையாமல் தட்டையாக இருக்கிற போனை எடுப்பது இன்னும் நல்லது. பாதுகாப்புக் கண்ணாடி ஒழுங்காக ஒட்டும், பெரிய போனைப் பிடிக்கும்போது உள்ளங்கை ஓரத்தில் பட்டுத் தானாக எதுவும் திறக்காது.

இவ்வளவு செலவு செய்து வாங்கினால் ஐந்தாறு வருடமாவது ஓட வேண்டும். கூகுள் 2023இன் பிக்சல் 8 போன் முதலும், சாம்சங் 2024இன் எஸ்24 வரிசை முதலும் ஏழு வருடம் மென்பொருள் மேம்படுத்தல் தருவதாக அறிவித்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் பார்க்கும் போனுக்கு நிறுவனம் இந்த இரண்டைப் பற்றியும் என்ன சொல்கிறது என்று தேடிப் பாருங்கள். திரை அளவைவிட இந்த இரண்டும்தான் நான்காவது வருடத்தில் உங்களுக்கு நினைவுக்கு வரும்.

என் தீர்ப்பு என்ன என்றால், நீங்கள் சொன்ன வேலைகளில் படிப்பு முதலிடம் என்பது உண்மையானால், போனை இரண்டு கையால் பயன்படுத்துபவராகவும் இருந்தால், தயங்காமல் 6.9க்குப் போகலாம். வரும் லாபம் தினமும் உணரக்கூடிய லாபம். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் ஒரே கையில் பதில் எழுதும் வாழ்க்கை என்றால், அதே வரிசையில் 6.2, 6.3 அங்குலத்தில் உள்ளதை எடுங்கள்.

எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து 163 × 77.6 மி.மீ. அளவில் நான்கைந்து துண்டு வெட்டி, போனின் தடிமன் வரும்வரை அடுக்கி ஒட்டுங்கள். நடுவில் நாணயங்களை வைத்து, சமையலறைத் தராசில் 220 கிராம் காட்டும்வரை சேருங்கள், உறையையும் கணக்கில் எடுத்தால் 250. மேல்பாதியில் கொஞ்சம் கனம் கூடுதலாக இருக்கட்டும். அதை இரண்டு நாள் பையில் போட்டுக்கொண்டு நடங்கள், உட்காருங்கள், படி ஏறுங்கள். இரவில் வழக்கமாகப் படிக்கும் நேரத்தில் படுத்தபடி அரை மணி நேரம் கையில் பிடித்திருங்கள். கட்டைவிரலால் மேல் மூலையைத் தொட்டுப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் அதை எடுத்துப் பையில் போட மனம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கடைக்குக் கிளம்பலாம்.